ஒரே நேரத்தில் பல விமானங்கள் இறங்க வந்தால் யார் முதலில் என்று முடிவு செய்வது பைலட்டா, கன்ட்ரோலரா?

இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக வந்தால் பைலட்டுகள் தங்களுக்குள் கதைத்து முடிவெடுப்பார்களா, இல்லை கீழே நிலையத்திலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் சொல்வதுதான் சட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சியில் வயல் செய்கிறவன், விமானத் துறை ஆள் இல்லை. ஆனால் அக்காவின் மகன் கனடாவில் கன்ட்ரோலராக இருக்கிறான். போன ஆடியில் லீவில் வந்து நின்றபோது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை பார்த்து இரவில் வரம்பில் இருந்த நேரமெல்லாம் அவனிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்குப் பிளேன் சத்தம் என்றால் பங்கருக்குள் ஓடினதுதான் முதலில் நினைவு வரும். குண்டு போடும் கிபிர் விமானம் வருகிறதா என்று காது கொடுத்தே வளர்ந்த எனக்கு, மேலே இருக்கிறவரும் கீழே இருக்கிறவரும் முன்பின் தெரியாத சனங்களைப் பத்திரமாக இறக்குவதற்காக நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வரிசை போடுவது கன்ட்ரோலர்தான். முதலில் வருகிறவர் முதலில் என்பது பொது வழக்கம், ஆனால் அதை அப்படியே கடைப்பிடித்தால் வேலை ஓடாது. பெரிய விமானம் போன வழியில் அதன் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் சுழல்காற்று கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கும், பின்னால் வரும் சின்னதை அது புரட்டிவிடக்கூடும். ரேடார் இருக்கும் விமான நிலையத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவில் 3 கடல் மைல் போதும் என்றால், 136 தொன்னோ அதற்கு மேலோ எடை உள்ள பெரிய ரகத்துக்குப் பின்னால் ஏ320 மாதிரி நடுத்தரம் வந்தால் 5 மைல் விட வேண்டும், மிகச் சிறியது என்றால் 6. பெரியதுக்குப் பின்னால் பெரியது வந்தால் 4 மைலோடு சரி. அதனால் பெரியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் இடம் மிச்சம். கட்டுநாயக்க மாதிரி ஒரே ஓடுபாதை உள்ள இடத்தில் அந்த ஒரு மைலுக்கு நிறைய மதிப்பு இருக்கிறது. அதோடு வேகமும் ஒன்றாக இருக்காது. ஜெட் கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய 140 நொட்டில், அதாவது மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் வரும், காற்றாடி வைத்த சின்ன விமானம் அதைவிட மெதுவாக வரும், முன்னால் அதை விட்டால் பின்னால் வருவது முட்டிக்கொண்டு நிற்கும்.

இடைவெளியை உண்டாக்க கன்ட்ரோலரிடம் இருப்பது மூன்று வழி: வேகத்தைக் குறைக்கச் சொல்வது, திசையைத் திருப்பிக் கொஞ்சம் சுற்றி வரச் செய்வது, அதுவும் போதாவிட்டால் ஓரிடத்தில் வட்டமிட வைப்பது. வட்டமிடுகிறவர்களை ஒருவருக்கு மேல் ஒருவராக ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்குவார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 4 நிமிடம். கீழே இருப்பவர் கழன்று போகப் போக மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு படியாக இறங்குவார்கள்.

"அப்ப பைலட் சொன்னதைச் செய்கிற ஆள் மட்டும்தானா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, எனக்குத் தெரிவது திரையில் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று அவர் சொன்னால்தான் தெரியும்" என்றான். அந்த வேகத்தில் வர முடியாது, அந்தத் திசையில் இடிமேகம் நிற்கிறது என்றால் பைலட் 'அனேபிள்', அதாவது முடியாது என்று சொல்வார். கன்ட்ரோலர் கோபிப்பதில்லை, வேறு வழி தருவார். சொன்ன கட்டளையைப் பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும், அதில் ஒரு எண் பிசகினாலும் கன்ட்ரோலர் அந்த இடத்திலேயே திருத்துவார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் என்னை அன்று தூங்க விடவில்லை. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் போன அவியாங்கா 52. வானிலை மோசம், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட வைத்திருந்தார்கள். எரிபொருள் முடிகிறது என்று துணை பைலட் சொன்னார், முன்னுரிமை வேண்டும் என்றும் கேட்டார். அவசரநிலை என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. முதல் முறை இறங்க முடியாமல் மேலே எழும்பி மறுபடி சுற்றி வரும்போது எஞ்சின்கள் நின்று, லோங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எங்கள் வாய்க்காலிலும் முறைப்படிதான் தண்ணீர். ஆனால் ஒருவரின் வயல் வெடித்துப் பயிர் வாடுகிறது என்று வாய் திறந்து சொன்னால் முன்னால் இருப்பவர் விட்டுக்கொடுப்பார். "கொஞ்சம் கஷ்டமாகத்தான் கிடக்குது" என்று இழுத்தால் யாருக்கு விளங்கும்?

இப்போது அதற்கென்று தெளிவான சொற்கள் உண்டு. 'மினிமம் ஃபியூல்' என்றால் இனிமேல் தாமதம் தாங்காது என்ற அறிவிப்பு. அது மட்டும் முன்னுரிமை தராது, இதைப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது கடைசிக் கையிருப்பிலேயே குறையும் என்று கணக்கில் தெரிந்தால், ஜெட்டுக்கு அது 30 நிமிட எரிபொருள், அவசர அழைப்பான 'மேடே'யை மூன்று முறை சொல்லி 'ஃபியூல்' என்று முடிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து முழு வரிசையும் அவருக்காக விலகும்.

கன்ட்ரோலரே இல்லாத சின்ன நிலையங்களில் நீங்கள் நினைத்தபடி பைலட்டுகள் ரேடியோவில் தாங்களே அறிவித்துக்கொண்டு வருவார்கள். தாழப் பறப்பவருக்கு மேலே பறப்பவர் வழி விட வேண்டும். ஆனால் அதைச் சாட்டாக வைத்து, இறங்கிக்கொண்டிருப்பவரின் முன்னால் குறுக்கே புகக் கூடாது.

கடைசியாக ஒன்று. இறங்க அனுமதி கொடுத்த பிறகும், முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு விலகாவிட்டால் 'கோ அரவுண்ட்' என்று கன்ட்ரோலர் மேலே அனுப்பிவிடுவார். பைலட்டுக்கே மனம் ஒப்பாவிட்டால் யாரிடமும் கேட்காமல் எழும்பலாம், எழும்பின பிறகு சொன்னால் போதும். அவரைத் திரும்பச் செருக, பின்னால் வருகிற நாலைந்து பேரைக் கொஞ்சம் கொஞ்சம் மெதுவாக்குவார்களாம். அவர்களுக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் தன்னிடம் ஏன் என்று கேட்டதில்லை என்றான்.