மகளுக்குக் கார் டிசைன் ஒத்துவருமா? பெற்றோர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி

“நன்றாக வரைகிறாள், கணக்கும் வருகிறது. ஆனால் கார் டிசைன் பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். அதைவிட முக்கியமானது, கார் நிறுவனத்தின் டிசைன் ஸ்டூடியோவில் அவள் எந்த மேசையில் உட்காரப் போகிறாள் என்பது.

கார் டிசைன் ஒரே வேலை அல்ல. வெளிப்புற வடிவம், உட்புறம், நிறமும் துணியும், திரையும் பொத்தான்களும், களிமண் மாடல், டிஜிட்டல் மாடல், இருக்கை வசதி, வடிவத்தைத் தயாரிப்புக்குப் பொருத்தும் ஸ்டூடியோ இன்ஜினியரிங் என்று பல மேசைகள் உண்டு. பெண்களுக்கு முதலில் திறந்தது உட்புறக் கதவுதான். 1943இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த ஹெலன் ராதர் உட்புறத்தையே கவனித்தார். 1950களில் அதே நிறுவனத்தின் டிசைன் தலைவர் ஹார்லி ஏர்ல் சேர்த்த பெண்கள் குழுவுக்கும் பெரும்பாலும் துணி, நிறம், இருக்கை வேலைகளே கிடைத்தன. ஏர்ல் ஓய்வு பெற்றதும் அடுத்து வந்த தலைமை அவர்களை ஆதரிக்கவில்லை, பலர் வெளியேறினர்.

பிறகு நிலைமை மாறியது. 1986 ஃபோர்டு டாரஸின் உட்புறத்தை வழிநடத்திய மிமி வாண்டர்மோலன், அடுத்த ஆண்டே அங்கு டிசைன் நிர்வாகப் பொறுப்புக்கு உயர்ந்தார். 2009 பிஎம்டபிள்யூ இசட்4இன் வெளிப்புறம் யூலியானே பிளாசியுடையது, உட்புறம் நாட்யா அர்னாவுட்டுடையது. 2016இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸின் வெளிப்புறத்துக்குத் தலைமை தாங்கியவர் மிஷெல் கிறிஸ்டென்சன். மஹிந்திராவில் 1997இல் உட்புற வடிவமைப்பாளராகச் சேர்ந்த ராம்கிருபா அனந்தன் பின்னாளில் டிசைன் துறைக்கே தலைவரானார். எக்ஸ்யூவி500 கார் அவர் தலைமையில் உருவானது. உட்புறத்தில் தொடங்குவது தாழ்வில்லை. ஆனால், “பெண் என்றால் நிறம், துணி” என்று அவளைக் கேட்காமலே யாரோ முடிவு செய்வதை ஏற்கக் கூடாது. அதற்கு எதிரான ஆயுதம் அவளுடைய போர்ட்ஃபோலியோ, அதாவது அவள் செய்த வேலைகளின் தொகுப்பு.

அதில் அவள் தன் உடல் அனுபவத்தையே தொழில்நுட்ப அறிவாக மாற்றலாம். மோதல் சோதனைகளில் மனிதருக்குப் பதில் காரில் உட்கார வைக்கும் பொம்மைகளில், நெடுங்காலம் ஆண்ட சராசரி ஆண் பொம்மை சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை கொண்டது. பெண்ணுக்கென்று வைத்தது சுமார் 150 செ.மீ. உயரம், 50 கிலோவுக்குள். பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கியதுதான். முன்பக்க மோதலில் பெல்ட் அணிந்த பெண்ணுக்குப் பலத்த காயம் நேரும் வாய்ப்பு, அதேபோல் பெல்ட் அணிந்த ஆணைவிட 73% கூடுதல் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் கணக்கிட்டது. 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட சராசரிப் பெண் பொம்மையை உருவாக்கியவர் ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு.

இதையே முதல் புராஜெக்ட் ஆக்கச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த ஒரு காரில் 150, 162, 185 செ.மீ. உயரமுள்ள மூவரைத் தனித்தனியாக உட்கார வைத்து, டேப்பால் அளக்கட்டும்: நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் உள்ள இடைவெளி (ஏர்பேக்குக்காக 25 செ.மீ.யாவது வேண்டும்), பெல்ட் தோளின் நடுவில் விழுகிறதா கழுத்தை உரசுகிறதா, தூக்கிய டிக்கிக் கதவின் விளிம்பைக் கை எட்டுகிறதா. எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்கு அளவில் பக்கவாட்டுப் படமாக வரைந்து, இடுப்பு மூட்டுப் புள்ளியை மூவருக்கும் குறிக்கட்டும். உட்புற அளவுகள் பெரும்பாலும் அந்தப் புள்ளியிலிருந்துதான் பிறக்கின்றன.

அப்போது ஒரு சங்கிலி கண்ணில் படும். குள்ளமானவர் பெடலை எட்ட இருக்கையை முன்னே நகர்த்துகிறார். நெஞ்சு ஏர்பேக்கை நெருங்குகிறது. சாலை தெரிய இருக்கையை உயர்த்தினால் பெடல் இன்னும் எட்டாமல் போகிறது, தொடையும் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. டாஷ்போர்டைத் தாழ்த்தலாமே என்றால் அதற்கடியில் ஏசி பெட்டியும் வைப்பர் அமைப்பும் இருக்கின்றன. பெடலைப் பின்னுக்குக் கொண்டுவந்தால் உயரமானவரின் முழங்கால் மடங்கிப் போகிறது. இந்த முடிச்சை எந்த வரிசையில் அவிழ்த்தாள் என்று நான்கு பக்கத்தில் காட்டும் மாணவியை, அழகாக மட்டும் வரைபவரைவிட உயர்வாகவே நான் மதிப்பேன். வால்வோ 2004இல் பெண்கள் குழு முடிவெடுத்து உருவாக்கிய ஒய்சிசி மாதிரிக் காரின் தலைசாய்ப்பானில் குதிரைவால் கொண்டைக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். கொண்டை தலையை முன்னே தள்ளினால், பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்துக்குத் தாங்கல் தாமதமாகவே கிடைக்கும்.

போர்ட்ஃபோலியோவுக்கு நான்கு புராஜெக்ட், மொத்தம் 20 முதல் 25 பக்கம் போதும். ஒன்றாவது முழு வெளிப்புறமாக இருக்கட்டும். அடிக்கடி நேரும் தவறுகள்: எல்லாப் படமும் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்திலேயே இருப்பது; சாய்கோணத்தில் நீள்வட்டமாகத் தெரியும் சக்கரத்தின் குறுக்கச்சு (நீள்வட்டத்தின் குறுகிய அச்சு) அச்சுத்தண்டின் திசையில் அமையாததால் சக்கரம் கழன்றதுபோல் தெரிவது; திரும்ப இடமில்லாத அளவுக்குப் பெரிய சக்கரம்; உள்ளே ஒரு மனிதர்கூட இல்லாதது. கைவிட்ட ஸ்கெட்ச்களையும் காரணத்தோடு சேர்க்கட்டும். கணினி உருவாக்கித் தந்த பளபளப்பான படம் அவள் எப்படி யோசித்தாள் என்பதைச் சொல்லாது.

படிப்புக்கு இரண்டு வழி. வாகன வடிவமைப்புச் சிறப்புப் பாடம் உள்ள டிசைன் பட்டம் ஒன்று. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து டிசைனில் முதுநிலை இன்னொன்று. பள்ளியில் கணிதமும் இயற்பியலும் தொடர்ந்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். மென்பொருளில் முதலில் முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் போதும். பிறகு கார் ஸ்டூடியோக்களில் மேற்பரப்பு வடிவமைக்கப் பயன்படும் ஏலியாஸ், அதற்கு மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு.

கடினமானதையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்புற மேசைகள் எல்லோருக்குமே குறைவு. டிஜிட்டல் மாடல், திரை வடிவமைப்பு, ஸ்டூடியோ இன்ஜினியரிங் பக்கமும் கண் வைத்திருப்பது நல்லது. முழு அளவு மாடலில் சூடாக்கி இளக்கிப் பூசிய களிமண்ணை நாள் முழுக்க நின்று இழைக்க வேண்டும். மதிப்பாய்வுக்கு முந்தைய இரவுகள் நீளும். அறையில் ஒரே பெண்ணாக இருக்க நேரலாம். அவள் வரைந்ததை வேறொருவர் எடுத்துச் சொல்லும் பழக்கம் வந்தால், அவள் பெயரும் அங்கேயே தேய்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்கெட்சிலும் தேதியும் கையெழுத்தும் இடுவதை இப்போதே பழக்குங்கள். நின்று பேசி விளக்கவும் பழகட்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைவிட இவற்றைக் கேளுங்கள்: களிமண் பட்டறை மாணவர்களுக்கு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? கற்பிப்பவர்களில் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் யார்? இங்கே படித்த பெண்களில் எத்தனை பேர் இன்று வெளிப்புறக் குழுக்களில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் மகள் பேச முடியுமா?