குறியீடு உருவாகும் முன் தொடரியல் மரத்துக்கு என்ன நேர்கிறது?

கேள்வி இது: நிரலைப் படித்து, அதன் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் தொடரியல் மரமாக்கிய பிறகு, கம்பைலர் (நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) நேராக இயந்திரக் குறியீட்டை எழுதிவிடலாமே, நடுவில் எதற்காக அந்த மரத்தைத் திருத்தி எழுதுகிறது? எல்லாம் வேகத்துக்காகவா?

இல்லை. பாடநூல்கள் இதை ‘மேம்படுத்தல்’ என்ற தலைப்புக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. சிறு மொழி ஒன்றுக்குக் கம்பைலர் எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரத்தில் நடக்கும் மாற்றங்களில் பல, நிரலைத் துளியும் வேகப்படுத்துவதில்லை. மொழியைச் சிறிதாக்குவதுதான் அவற்றின் வேலை.

நிரலர் எழுதும் மொழியில் ஃபார், வைல், டூ-வைல், ஃபார்ஈச் என்று நான்கு வகை மடக்குகள் (ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவை) இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு எழுதும் கடைசிப் பகுதி இந்த நான்கையும் அறிந்திருக்கத் தேவையில்லை. ஃபார்ஈச்சை வைலாக மாற்றலாம். வைலை ஒரு லேபிளாகவும் நிபந்தனையோடு கூடிய தாவலாகவும் மாற்றலாம். சி ஷார்ப்பின் ரோஸ்லின் கம்பைலர் இதைத்தான் செய்கிறது. கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேரும் மரத்தில் மடக்கு என்ற ஒன்றே மிஞ்சுவதில்லை. ரஸ்ட் மொழியில் ஃபார், வைல் இரண்டும் ‘லூப்’ என்ற ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கேயே, பிழையை அழைத்த இடத்துக்குக் கடத்தும் கேள்விக்குறிச் செயற்குறி, மதிப்பின் வடிவைப் பார்த்துக் கிளை பிரியும் ஒரு மேட்ச் கோவையாக விரிகிறது. இதனால் மொழியில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும்போது, பழைய வடிவங்களைக் கொண்டு அதைச் சொல்ல முடிகிற வரை, குறியீடு எழுதும் பகுதியைத் தொடவே வேண்டாம்.

செயல்முறை எளிதுதான். மரத்தைக் கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். மரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கணு. பிள்ளைக் கணுக்களை முதலில் மாற்றி, அதன்பின் தாய்க் கணுவுக்கு வர வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் அதே கணுவைத் திருப்பித் தரலாம், மாறியிருந்தால் புதிய கணு ஒன்றைக் கட்டித் தரலாம். பழைய மரத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது, வேறு யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. தலைவலி வேறிடத்தில் இருக்கிறது.

இந்த வரியைப் பாருங்கள்:

பட்டியல்[அடுத்தது()] += 1

பாடநூல் சொல்லும் விரிவாக்கம் இப்படி இருக்கும்:

பட்டியல்[அடுத்தது()] = பட்டியல்[அடுத்தது()] + 1

இது தவறு. மூல நிரலில் அடுத்தது() ஒருமுறைதான் அழைக்கப்படுகிறது, இங்கே இருமுறை. அந்தச் செயற்கூறு ஒரு எண்ணியைக் கூட்டுகிறது என்றால், ஓர் உறுப்பைப் படித்து வேறோர் உறுப்பில் எழுதிவிடுவோம். ஆகவே தற்காலிக மாறிகள் தேவை:

த1 = பட்டியல்
த2 = அடுத்தது()
த1[த2] = த1[த2] + 1

‘பட்டியல்’ வெறும் மாறிதானே, அதை எதற்கு த1-இல் எடுத்து வைக்க வேண்டும்? அடுத்தது() உள்ளே போய் ‘பட்டியல்’ என்ற மாறிக்கே வேறோர் அணியைக் கொடுத்துவிடலாம். இடமிருந்து வலமாக மதிப்பிட வேண்டும் என்று விதித்திருக்கும் ஜாவா போன்ற மொழியில், அழைப்புக்கு முன்பிருந்த பழைய அணிதான் மாற வேண்டும். போதாக்குறைக்கு, அதே ஜாவாவில் ‘பைட்’ வகை மாறியோடு 1-ஐக் கூட்டினால் விடை ‘இன்ட்’ வகையாகிவிடும். ஆனால் கூட்டி ஒதுக்கும் செயற்குறி அதை மறுபடி ‘பைட்’ ஆக்கியே வைக்க வேண்டும் என்பது மொழியின் விதி. எனவே விரிவாக்கத்தில் ஒரு வகைமாற்றக் கணுவும் சேர வேண்டும். மூன்றெழுத்து அகலம்கூட இல்லாத ஒரு செயற்குறிக்கு இவ்வளவு பாடு.

இன்னொரு சிக்கல். மேலே மூன்று கூற்றுகள் (செயலைச் செய்யும் தனி வரிகள்) எழுதினேன். மூலத்தில் அது ஒரு கோவையின் (மதிப்பு ஒன்றைத் தரும் துண்டின்) நடுவில், ஒரு செயற்கூற்றின் அளபுருவாகக்கூட இருந்திருக்கலாம். கோவைக்குள் கூற்றுகளை எப்படி நுழைப்பது? அதற்காகவே பல கம்பைலர்களில் பயனருக்குத் தெரியாத ஒரு கணு வகை உண்டு: ‘இவற்றை வரிசையாகச் செய், பிறகு இந்த மதிப்பைத் தா’ என்பது அதன் பொருள். மூல மொழியில் எழுதவே முடியாத கணுக்கள் உள்மரத்தில் இருப்பது குறைபாடு ஆகாது. அவை இல்லாமல் காலம் தள்ள முயல்கிறவர்கள்தான் பிற்பாடு அவதிப்படுகிறார்கள்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பது, ஒரு வேலை முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் வரும்போது இன்னும் துலங்கும். முன்() + அவெய்ட் பின்() என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். சி ஷார்ப் கம்பைலர் இத்தகைய செயற்கூற்றைத் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டில் நிற்கிறோம் என்பதை ஓர் எண்ணில் குறித்து வைக்கும் நிலைப்பொறியாக மாற்றுகிறது. காத்திருக்க வேண்டி வந்தால் செயற்கூறு பாதியிலேயே திரும்பிவிடும். அப்போது அடுக்கில் (செயற்கூறு தன் இடைக்கால மதிப்புகளை வைக்கும் நினைவகத்தில்) இருந்தவை போய்விடும். முன்() தந்த மதிப்பு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. எனவே அதை முன்கூட்டியே ஒரு தற்காலிக இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு காத்திருந்து, பிறகு கூட்ட வேண்டும். ‘அவெய்ட்டை மட்டும் வெளியே இழுத்து முதலில் செய்துவிடலாம்’ என்று யாராவது குறுக்கு வழி தேடினால் பின்() முதலிலும் முன்() அடுத்தும் ஓடும். நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகும், விடை மட்டும் வேறாக இருக்கும்.

தற்காலிக மாறிகளுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். நான் த1 என்று வைத்தேன். பயனரும் த1 என்று வைத்திருந்தால்? சி ஷார்ப் கம்பைலர் தான் உருவாக்கும் வகுப்புகளின் பெயர்களில் கோணக் குறிகளைச் சேர்க்கிறது, நிரலர் அப்படி ஒரு பெயரை எழுதவே முடியாது. ஜாவாவில் டாலர் குறி வழக்கம். அது நிரலருக்கும் அனுமதிக்கப்பட்ட எழுத்து என்பதால் அவ்வளவு உறுதியான தடுப்பு அல்ல. மரத்தில் பெயர்களைச் சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) வைக்காமல், ஒவ்வொரு மாறியையும் தனித்த ஒரு பொருளாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே எழாது. புதிதாகக் கம்பைலர் எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை அதுவே.

விரிவாக்கத்தின் வடிவம் நிரலின் பொருளையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு ஃபார்ஈச் நல்ல சான்று. அதை வைலாக விரிக்கும்போது மடக்கு மாறியை எங்கே அறிவிப்பது? மடக்குக்கு வெளியிலா, உள்ளேயா? சாதாரண நிரலில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். ஆனால் மடக்கின் உள்ளே ஒரு லாம்டா (பெயரில்லாச் சிறு செயற்கூறு) அந்த மாறியைப் பிடித்துக்கொண்டால் கதை வேறு. வெளியே அறிவித்தால் எல்லா லாம்டாக்களும் ஒரே மாறியைப் பகிர்ந்துகொண்டு, கடைசியில் கடைசி மதிப்பையே காட்டும். உள்ளே அறிவித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி கிடைக்கும். சி ஷார்ப் முதலில் வெளியே வைத்திருந்தது. 2012-இல் வந்த 5-ஆம் பதிப்பில் அதை உள்ளே நகர்த்தியது. கோ மொழியும் 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில் ஃபார் மடக்குக்கு இதே மாற்றத்தைச் செய்தது. மரத்தில் ஓர் அறிவிப்புக் கணு எந்தத் தொகுதிக்குள் உட்காருகிறது என்பதுதான் இதில் மொத்த விஷயமும்.

ஜாவாவில் சரங்களின் மேல் ஸ்விட்ச் (மதிப்புக்கேற்ற பகுதிக்குப் போகும் கூற்று) எழுதும் வசதி 2011-இல் 7-ஆம் பதிப்பில் வந்தது. கம்பைலர் அதை ஒன்றல்ல, இரண்டு ஸ்விட்ச்களாக உடைக்கிறது. முதலாவது, சரத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண்ணைப் பார்த்துக் கிளை பிரிகிறது. இரு வேறு சரங்களுக்கு ஒரே ஹேஷ் எண் வரலாம் என்பதால் அங்கே உண்மையான ஒப்பீடும் நடந்து, ஒரு வரிசை எண் தற்காலிக மாறியில் பதிவாகிறது. இரண்டாவது ஸ்விட்ச் அந்த எண்ணைக் கொண்டு உரிய பகுதிக்குப் போகிறது. ஒரே ஸ்விட்சில் முடித்திருக்கலாமே என்றால், பிரேக் இல்லாத பகுதி அடுத்த பகுதிக்குள் வழிந்தோடும் பழைய விதி குறுக்கே நிற்கிறது. ஹேஷ் எண்படி பகுதிகளைக் கலைத்து அடுக்கினால் அந்த ஓட்டம் சிதறிவிடும். இரண்டாவது ஸ்விட்ச் மூல வரிசையை அப்படியே காப்பாற்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விரிவாக்கம் இது.

இவற்றையெல்லாம், நிரலைப் படித்து மரமாக்கும் பார்சரே செய்துவிட்டால் என்ன என்றும் கேட்கலாம். வகை தெரியாமல் பல மாற்றங்களைச் செய்ய முடியாது என்பது முதல் பதில். ஃபார்ஈச் ஓர் அணியின் மேல் ஓடினால் சுட்டெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் எளிய மடக்கு போதும். பட்டியலின் மேல் ஓடினால் அடுத்த உறுப்பைத் தரும் இட்டரேட்டர் ஒன்றை வாங்கி நடத்த வேண்டும். எது எது என்பது வகைச் சோதனைக்குப் பிறகே தெரியும். இரண்டாவது பதில் பிழைச் செய்திகள். சீக்கிரமே விரித்துவிட்டால், பயனர் எழுதாத ஒன்றைப் பற்றிக் கம்பைலர் அவரிடம் புகார் சொல்லும். ரஸ்ட் துணிந்து வகைச் சோதனைக்கு முன்பே ஃபாரை விரிக்கிறது; ஆனால் ‘இது ஃபாரிலிருந்து பிறந்தது’ என்ற முத்திரையைக் கணுவில் பொறித்து வைப்பதால் செய்தியைப் பயனரின் மொழியிலேயே சொல்ல முடிகிறது. முத்திரை இருக்கிறதோ இல்லையோ, மூல நிரலின் வரி எண் ஒவ்வொரு புதிய கணுவிலும் இருந்தே ஆக வேண்டும். அது விட்டுப்போனால், பிழை தேட உதவும் டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நகரும்போது அம்புக்குறி எங்கெங்கோ தாவும்.

வேகத்துக்கான மாற்றங்களுக்கு இப்போது வருகிறேன். பைத்தானில் 24 * 60 * 60 என்று எழுதினால் ஓடும்போது பெருக்கல் நடக்காது, 86400 என்ற மாறிலியே குறியீட்டில் இருக்கும். 3.7 பதிப்பில், பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தான் இந்த மடிப்பை மரத்திலேயே செய்யத் தொடங்கியது. இது தீங்கற்றது. பள்ளிக் கணிதத்தை நம்பிச் செய்யும் மாற்றங்கள் அப்படியல்ல. எந்த எண்ணோடு 0-ஐக் கூட்டினாலும் அதே எண்தானே? முழு எண்களில் ஆம். மிதவைப் புள்ளி எண்களில் எதிர்மப் பூஜ்யம் என்று ஒன்று உண்டு, அதோடு 0.0-ஐக் கூட்டினால் நேர்மப் பூஜ்யம் வரும். 0-ஆல் பெருக்கினால் 0 என்பதும் செல்லாது, முடிவிலியை 0-ஆல் பெருக்கினால் ‘எண் அல்ல’ என்ற மதிப்புதான் விடை. 2-ஆல் வகுப்பதை ஒரு பிட் வலப்பக்க நகர்த்தலாக மாற்றுவதும் இப்படித்தான்: ஜாவாவில் -7 / 2 என்பது -3, ஆனால் -7-ஐ வலப்பக்கம் நகர்த்தினால் -4. பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டு வகுத்தலோ -4-ஐயே தரும், அங்கே இந்த மாற்றம் செல்லுபடியாகும். இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவற்றை மரத்தில் செய்யாமல், பின்னால் வரும் இடைநிலைக் குறியீட்டுக்கு விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அங்கே தரவு எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பது வெளிப்படையாகத் தெரியும், மரத்தில் அதைத் தேட வேண்டியிருக்கும்.

நீங்களே ஒன்று எழுதப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மரத்தைச் சரிபார்க்கும் சிறு செயற்கூறு ஒன்றை முதலிலேயே எழுதி வையுங்கள். ‘இந்தக் கட்டத்துக்குப் பின் ஃபார்ஈச் கணு இருக்கக் கூடாது’, ‘ஒவ்வொரு கோவைக்கும் வகை இருக்க வேண்டும்’ என்ற அளவில் தொடங்கினால் போதும். ஹாஸ்கெலின் ஜிஎச்சி கம்பைலரில், ‘கோர்’ என்ற தன் சிறிய உள்மொழியை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் வகைச் சோதனை செய்து பார்க்கும் ஏற்பாடு உண்டு.

எழுதும் எண்ணம் இல்லாமல் பார்க்க மட்டும் ஆசை என்றால், ஷார்ப்லேப் என்ற இணையதளத்தில் சி ஷார்ப் நிரல் ஒன்றை இட்டு, விரிந்த வடிவத்தையும் சி ஷார்ப்பாகவே காட்டச் சொல்லலாம். முதலில் ஓர் அணியின் மேல் ஃபார்ஈச், அடுத்து ஒரு பட்டியலின் மேல் ஃபார்ஈச், பிறகு நடுவில் அவெய்ட் உள்ள ஒரு கூட்டல் கோவை என்ற வரிசையில் இட்டுப் பாருங்கள். மூன்றாவதில் நிலை எண்ணைத் தாங்கும் புலத்தைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற பகுதிகளைப் படிப்பது எளிதாகிவிடும்.