கப்பல் பயணத்தில் ஒரு நாள் தீவில் இறங்கும்போது கடற்கரைத் தனிக்குடிலை வாடகைக்கு எடுக்கலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வயதான பெற்றோரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மயாமிக்குச் சென்று, அங்கிருக்கும் தங்கை குடும்பத்துடன் பஹாமாஸ் கப்பலில் ஏறவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடையில் ஒரு நாள் கப்பல் நிறுவனத்தின் தீவில் நிற்கும்போது, கபானா என்று சொல்லப்படும் தனிக்குடிலை எடுப்பது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்கு அது வீண் செலவு ஆகாது, எடுங்கள். இதே கேள்வியைத் திருப்பூரிலிருந்து நான்கு இளைஞர்கள் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் அந்தத் தீவுகளைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். கப்பல் நிறுவனங்கள் தங்களுக்கென்று தீவு வைத்துக்கொள்ளும் வழக்கம், நார்வீஜியன் நிறுவனம் 1977-இல் வாங்கிய கிரேட் ஸ்டிரப் கேயில் தொடங்கியது; கே என்றால் சிறு தீவு. டிஸ்னி 1998 முதல் காஸ்டவே கே தீவுக்குக் கப்பல் விடுகிறது. ராயல் கரீபியன் தன் கோகோ கேயை 2019-இல் பெரும் பொருட்செலவில் புதுப்பித்தது. பயணிகளுக்காகவே ஒழுங்கு செய்யப்பட்ட இடங்கள் என்பதால் அங்கே ஊரோ கடைத்தெருவோ கிடையாது. சாய்வு நாற்காலியும் மதிய உணவும் பெரும்பாலும் பயணக் கட்டணத்திலேயே அடக்கம். அப்படியிருக்க, எதற்காகத் தனியே காசு கொடுக்க வேண்டும் என்ற உங்கள் தயக்கம் நியாயமானதே.

நாங்கள் சென்றபோது எங்களுடன் என் மாமனாரும் மாமியாரும் இருந்தார்கள்; சகலையின் குடும்பமும் சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் இருவரும் பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். உச்சி வெயிலில் மஞ்சள் காட்டில் நின்று வேலை வாங்கிய மாமனாருக்கு வெயில் புதிதன்று. ஆனால் வெள்ளை மணலிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறிக்கும் கடற்கரை வெயில் வேறு வகை. நிழலில் உட்கார்ந்திருப்பவரையும் அது பக்கவாட்டிலிருந்து தாக்கும். இலவசக் குடை நாற்காலிகள் முந்தி வருபவர்களுக்கே கிடைக்கும், அவற்றின் நிழலும் ஒரே இடத்தில் நிற்காது. எண்பதை நெருங்கும் ஒருவரை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்க முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்றை இணையத்தில் எவரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெரிய பெண்கள் நீச்சலுடையில் இறங்குபவர்கள் இல்லை. சேலையோடோ சுடிதாரோடோ முழங்கால் அளவு நீரில் நின்று, ஆசை மிகுந்தால் முங்கி எழுவார்கள். எழுந்த பிறகு, உடம்போடு ஒட்டிய ஈரச் சேலையில் ஆயிரக்கணக்கான அந்நியர்களுக்கு நடுவே நடந்து பொது உடைமாற்றும் அறைக்குப் போவதை நினைத்தே பலர் கடலில் கால் வைப்பதில்லை. கப்பலிலேயே இருந்துகொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் குடிலுக்கு மூன்று பக்கமும் திரைச்சீலை இருந்தது. நீர்க்கரை சில எட்டுகளில் இருந்ததால் என் மாமியார் இறங்கினார், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அலையில் நின்றார், திரும்பி வந்து திரைக்குள் உடை மாற்றிக்கொண்டு உலர்ந்த சேலையில் உட்கார்ந்தார். குழந்தைகள் அப்புச்சியிடமும் அம்மாயியிடமும் ஓடி வந்து ஓடிப் போனார்கள். சுருக்கமாகச் சொன்னால், அந்த வாடகை பெரியவர்களையும் கரைக்கு அழைத்து வருவதற்கான செலவு. அப்படிப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

விலைக்கு வருகிறேன். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் குடிலுக்கு இவ்வளவு என்று இருக்கும். தேதிக்கும் கப்பலுக்கும் தக்கபடி மாறும். சாதாரணக் குடில்களே சில நூறு டாலர் ஆகும். கோகோ கேயில் நீரின்மேல் கட்டியிருக்கும் குடில்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும். எனவே தங்கை குடும்பத்தையும் சேர்த்துப் பங்கு பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. ஒரு குடிலில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று வரம்பு இருக்கும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் கூடுதல் கட்டணம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம், ஆகவே பதிவு செய்யும் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நீர்மேல் குடிலைப் படத்தில் பார்த்து மயங்க வேண்டாம்: அங்கிருந்து கடலுக்குப் படியில்தான் இறங்க வேண்டும், அது பெரியவர்களுக்கும் உதவாது, சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு நிம்மதியும் இருக்காது. மணலில் இருக்கும் குடில்களில், தீவுக்குள் ஓடும் சிறுவண்டியின் நிறுத்தத்துக்கும் கழிப்பறைக்கும் அருகில் உள்ளதை வரைபடம் பார்த்துக் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு மணலில் நூறு அடி நடப்பதும் பெரும்பாடு. மணலில் உருளக்கூடிய அகலச் சக்கர நாற்காலிகள் அங்கே உண்டு, எண்ணிக்கைதான் குறைவு.

இரண்டு குடும்பம் சேர்ந்தும் குடில் கட்டுப்படவில்லை என்றால், ஹாஃப் மூன் கே போன்ற இடங்களில் சிப்பி திறந்ததுபோல் மடங்கும் நிழற்கூடாரங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு பேர் நன்றாகப் படுக்கலாம். உடை மாற்ற உதவாது.

கப்பல் தீவில் எப்படி நிற்கும் என்பதையும் பாருங்கள். கோகோ கேயிலும் காஸ்டவே கேயிலும் துறைமேடை இருப்பதால் கப்பலிலிருந்து நேராக நடந்து இறங்கிவிடலாம். பிரின்சஸ் கேஸ் போன்ற இடங்களில் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். ஆடும் படகில் ஏறி இறங்குவது மூத்தவர்களுக்குச் சிரமம். வரிசையில் நிற்கும் நேரம் குடிலில் இருக்க வேண்டிய நேரத்தையும் தின்னும். காலையில் இறங்கி மாலைக்குள் கப்பலேற வேண்டிய நாளில் ஒரு மணி நேரமும் கணக்கில் வரும்.

பருவமும் முக்கியம். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீள்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் மாதம். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை அதை ஒட்டியே வருகிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாட்களில் கடல் கொந்தளித்தால் தீவில் நிற்காமலே கப்பல் போய்விடுவதும் உண்டு. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வானிலை பெரும்பாலும் தணிந்திருக்கும், முழு ஆண்டு விடுமுறையும் கிடைக்கும் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். கப்பல் நிறுவனத்தின் மூலமாகவே குடில் எடுத்திருந்து தீவுக்குப் போக முடியாமல் போனால் பணம் திரும்ப வந்துவிடும்.

உணவு விஷயத்தில் ஒரு வார்த்தை. தீவில் மதியம் பெரும்பாலும் கறி சுட்டுப் போடும் விருந்துதான். பெற்றோர் சைவம் என்றால், அல்லது புரட்டாசியில் போகிறீர்கள் என்றால், முந்தைய நாள் இரவே கப்பல் உணவகத்தின் தலைமைப் பணியாளரிடம் சொல்லுங்கள். பல கப்பல்களில் இந்தியச் சமையலர்கள் இருப்பதால் சோறும் பருப்பும் கேட்பது அவர்களுக்குப் புதிதில்லை. கப்பலிலிருந்து பழம், சமைத்த உணவு எதையும் கரைக்கு எடுத்துச் செல்லக்கூடாது. அப்பாவுக்கு இன்சுலின் ஊசி உண்டென்று எழுதியிருந்தீர்கள். பல குடில்களில் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியோ சிறு குளிர்பெட்டியோ வைக்கிறார்கள். மருந்து பனிக்கட்டியில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள், இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது.

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் பறந்து அங்கே கப்பலேறுவது சுலபம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள் என்றீர்களே, அது உண்மைதான். ஆனால் அந்தக் கப்பல்கள் நிற்கும் பினாங்கும் புக்கெட்டும் மக்கள் வாழும் ஊர்கள். அங்கே நீங்களாகக் கடற்கரை விடுதி ஒன்றில் பகல்நேர அறை எடுத்தால், திரும்பும் வழியில் போக்குவரத்தில் சிக்கிக்கொண்டாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனால் மட்டுமே அந்தப் பொறுப்பு அவர்களுடையது.

குடில்கள் சிலவே இருப்பதால், பயணச் சீட்டு உறுதியானதும் நிறுவனத்தின் இணையக் கணக்கில் நுழைந்து பாருங்கள். காஸ்டவே கேயில் உயர்வகுப்பு அறைக்காரர்கள் முதலில் எடுத்துவிடுகிறார்கள். ராயல் கரீபியனில் எடுத்தபின் விலை இறங்கினால், பயணத்துக்கு முன்பே ரத்து செய்து குறைந்த விலைக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் காட்டினாலும், கப்பலில் ஏறிய அன்றே கரைச் சுற்றுலா மேசைக்குப் போய்க் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். யாராவது ரத்து செய்தால் அந்தக் குடில் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.