மகள் பத்திரிகைக்குப் போகிறேன் என்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள் பி.காம். வேண்டாம், வரலாறு படித்துவிட்டுப் பத்திரிகையாளர் ஆகிறேன் என்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சார்லஸ் மெக்லாஷன் 1847இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்தவர். கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைமேல் டிரக்கி என்ற ரயில்வே ஊருக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். அப்புறம் அங்கே 'டிரக்கி ரிபப்ளிகன்' பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். வக்கீல் தொழிலும் பார்த்தார். மாநிலச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார். பத்திரிகையை மட்டும் நம்பி அவர் வாழவில்லை. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. 1846இல் மாட்டுவண்டிகளில் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட டோனர் கூட்டத்தில் 87 பேர். குறுக்குவழி என்று ஒருவர் எழுதியதை நம்பி உப்புப் பாலைவனத்துக்குள் போனார்கள். மாடுகள் செத்தன, வாரக்கணக்கில் நாள் போயிற்று. மலைக்கணவாயை நெருங்கும்போது பனி மூடிவிட்டது. ஏரிக்கரையிலும் பக்கத்து ஓடைக்கரையிலும் குளிர்காலம் முழுக்கச் சிக்கிக்கொண்டார்கள். மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்றார்கள். அதுவும் தீர்ந்தபோது, சிலர் இறந்தவர்களின் உடலைத் தின்று உயிர் பிழைத்தார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் பிழைத்தது.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அந்தக் கதை பெரும்பாலும் வதந்தியாகவே ஓடியது. மெக்லாஷன் செய்தது என்ன தெரியுமா? அப்போது உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் வைத்துச் சரிபார்த்தார். கூட்டத்தில் கடைசியாக மீட்கப்பட்ட கெஸெபெர்க், டாம்சன் டோனர் என்ற பெண்ணைக் கொன்றதாகப் பழி சுமந்து ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். அவரிடமும் போனார். டாம்சனின் மகள் எலைசாவை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த முதியவர் அவள் எதிரே முழந்தாளிட்டு, உன் தாயை நான் கொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். எலைசா நம்பினாள். பழி சுமத்தப்பட்டவன் வாயாலும் கேட்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கிறது! 1879இல் டோனர் கூட்டத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. மறு ஆண்டே திருத்திய பதிப்பு.

அம்மா, இந்தத் தொழில் இதுதான். எழுத்து நடையெல்லாம் பிறகு வந்து சேரும். கேட்கிற பொறுமை இருக்கிறதா என்பதுதான் முதலில்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், உங்கள் மகளும் இதைப் படிக்கட்டும். இதே மனிதர்தான் 1886இல் டிரக்கியிலிருந்து சீனர்களைத் துரத்தும் புறக்கணிப்பை முன்னின்று நடத்தியவர். சீனருக்கு வேலை கொடுக்கிற கடையில் வாங்காதே, அவர்களுக்கு எதையும் விற்காதே என்று ஊரையே கட்டிப்போட்டார்கள். அந்த மலையில் ரயில் பாதை போட்ட மக்கள், சில வாரங்களில் ஊரைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மற்ற ஊர்களும் அந்த வழியைப் பின்பற்றின. கெஸெபெர்க் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட காது, பக்கத்துத் தெருச் சீனருக்குத் திறக்கவில்லை. எனக்கு இது இன்றும் வலிக்கிறது. யாரைக் கேட்காமல் விடுகிறோம் என்று கவனிக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் அவள் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். வரலாறு படிக்கட்டும், தடுக்காதீர்கள். இதழியல் முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டமும் போதும். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசமும் அப்படித்தான் சேர்த்துக்கொள்கிறது. முதல் சில வருடங்கள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதற்கு வீட்டில் தயாராக இருங்கள். கூடவே ஒரு கைத்தொழில் வேண்டும்: மொழிபெயர்ப்போ, கணக்கோ, ஆசிரியப் பயிற்சியோ. பி.காம். மேல் உங்களுக்கு அவ்வளவு ஆசை என்றால் கணக்கை ஒரு குறும்படிப்பாக எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனங்களின் வரவுசெலவைப் படிக்கத் தெரிந்த நிருபர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் குடும்பத்தில் சண்டையாகிப் பேச்சு நின்ற ஒரு பழைய சம்பவம் இருக்கும். சம்பந்தப்பட்ட இரு தரப்பையும், ஓரமாக நின்று பார்த்த மூன்றாவது ஆளையும் தனித்தனியே பார்த்து, கேட்டதைத் தேதியோடு எழுதி, நான்கு பக்கத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களோடு இரண்டு பேரும் அடுத்த மாதம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.