கால்நாட்டு முதல் பந்தல் பிரிப்பு வரை

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு கருங்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கோயில் கொடை விழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் சீரியல் பல்பு கட்டப் போவதுதான் வேலையில் பாதி. 4 வருடத்துக்கு முன்பு பழைய நிக்கான் கேமரா ஒன்றை வாங்கினேன். போகிற இடத்தில் எல்லாம் பந்தல், ஆர்ச், கிறிஸ்துமஸ் குடில், வில்லுப்பாட்டு மேடை, சமபந்தி விருந்து, கூட்டம் என்று எடுத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது 11,000 படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

வீட்டிலும் நண்பர்களும், "கம்பையும் தகரத்தையும் எடுத்து என்ன செய்யப் போற? கன்னியாகுமரியில சூரியன் உதிக்கிறத எடு, திற்பரப்பு அருவிய எடு, நாலு பேராவது பார்ப்பாங்க" என்கிறார்கள். ஒரு போட்டிக்கு 3 படம் அனுப்பினேன், தேர்வாகவில்லை. மூன்றே நாளில் பிரித்துப் போடுகிற ஒன்றைப் படம் எடுப்பதில் அர்த்தம் உண்டா? உண்டு என்றால் எப்படி எடுப்பது, எடுத்ததை என்ன செய்வது? இத்துடன் 12 படங்கள் அனுப்பியிருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன், கருங்கல்

*

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டையும் பார்த்தேன். ஏழாவது படத்தை விட்டு நகர முடியவில்லை. மூங்கில் ஏணியின் உச்சியில் ஒருவர் நின்று பெரிய ஸ்டாரைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கயிற்றின் ஒரு முனை அவர் பல்லில் இருக்கிறது. கீழே இரண்டு பெண்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒரு பையன் ஏணியை இறுகப் பிடித்திருக்கிறான். கட்டி முடித்து விளக்குப் போட்ட பிறகு அந்த ஸ்டாரை ஊரே செல்போனில் எடுத்திருக்கும். கயிற்றைப் பல்லில் கடித்தவரை நீங்கள் மட்டும்தான் எடுத்திருப்பீர்கள்.

கன்னியாகுமரியில் சூரியனை எடுக்கச் சொல்கிறார்கள். எடுங்கள், தப்பில்லை. ஆனால் சூரியன் நாளைக்கும் வரும். 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை அதை எத்தனை லட்சம் பேர் படம் எடுத்திருப்பார்கள்! அதற்கு முன்னால் அந்தப் பாறையில் மரங்களை அடுக்கி, கயிற்றால் பிணைத்து, சிலையை விழுங்கிக்கொண்டு ஒரு சாரம் நின்றது. நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய பறவைக் கூடு கடலுக்குள் நிற்பது மாதிரி இருக்கும். அந்தச் சாரத்தில் ஏறி இறங்கியவர்களின் உழைப்பில்தான் கல் மேல் கல் ஏறியது. சிலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். இன்று ஊரில் யாரிடமாவது அந்தச் சாரத்தின் படம் உண்டா என்று கேட்டால் கைவிரிக்கிறார்கள். என்னிடமும் இல்லை. அன்று என் கையில் கேமரா இருந்தது, பிலிமும் இருந்தது. சிலை முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

பழைய படங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்துக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். அபாரமான படங்கள். மண்டபத்தின் தூண் ஒவ்வொன்றும் செதுக்கின மாதிரி நிற்கும். ஆனால் மனிதர்கள் அரிது. அந்தக் காலத்துக் கேமராவில் ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும், அசைகிற எதுவும் படத்தில் தங்காது. கல் அசையாது, அதனால் கல் தங்கியது. உங்கள் கேமராவில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிறவனின் கால் தூசியும் பதிந்துவிடுகிறது. அப்படியிருக்க நாம் மறுபடியும் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பானேன்?

சுசீந்திரம் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழித் திருவிழா ஒன்பதாம் நாள் அது ஓடும்போது ஆயிரம் கேமரா நிற்கும். தேரில் சிற்பம் செதுக்கிய அடிப்பகுதிதான் நிரந்தரம். அதற்கு மேலே உயர்ந்து நிற்பதெல்லாம் அந்தந்த வருடம் கம்பு நட்டு, கட்டி, சீலை சுற்றி எழுப்புவது. நாம் தேர் என்று நினைவில் வைத்திருக்கும் உருவத்தில் பெரும்பங்கு தற்காலிகக் கட்டுமானம். அதைக் கட்டுகிற நாட்களில் போய்ப் பாருங்கள். எந்தக் கம்பை முதலில் நிறுத்துகிறார்கள், முடிச்சை எப்படிப் போடுகிறார்கள், யார் கீழிருந்து சத்தம் கொடுக்கிறார், யார் மேலே இருந்து பதில் சொல்கிறார் என்று பார்த்தால் கண் நிறைந்துவிடும்.

சிவாலய ஓட்டமும் அப்படித்தான். சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள். காவி உடுத்து, கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று ஓடுகிறவர்களைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். வழிநெடுக ஊர்க்காரர்கள் நாலு கம்பு நட்டு, மேலே ஓலையோ தார்ப்பாயோ போட்டு, ராத்திரி முழுக்க சுக்குநீர் காய்ச்சிக் கொடுக்கிறார்களே, அந்தத் தண்ணீர்ப் பந்தலை எடுங்கள். அடுப்பு வெளிச்சம் ஒன்றே போதும். மறுநாள் அங்கே மூன்று கருகிய கல் மட்டும் கிடக்கும். அதையும் ஒன்று எடுத்து வையுங்கள்.

எப்படி எடுப்பது என்று கேட்டீர்கள். பந்தலுக்கு முதல் கால் நடுகிற கால்நாட்டு அன்றைக்கே போய்விடுங்கள். பந்தல் பிரிக்கிற நாளிலும் நில்லுங்கள். நடுவில் இருக்கிற விழாவை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என் சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொடைக்குக் கமுகு மரத்தை வெட்டிக் கால் நட்டு, முடைந்த தென்னோலை வேய்ந்து, கதம்பைக் கயிற்றால் கட்டுவார்கள். குருத்தோலையைக் கிழித்துக் கிளியும் பாம்பும் செய்து தொங்கவிடுகிற ஒரு தாத்தா இருந்தார். அப்புறம் தகரம் வந்தது, துணி வந்தது, இப்போது இரும்புச் சட்டத்தை லாரியில் கொண்டுவந்து நட்டுப் போல்ட் முறுக்குகிறார்கள். இது தேய்வு என்று நான் புலம்பவில்லை. போல்ட் முறுக்குகிற பையனும் கைவினைக்காரன்தான், அவனையும் எடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தாத்தாவின் கிளி எப்படி இருந்தது என்று என் பேத்திக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று ஸ்டூடியோக்காரர் வருவார், விழாக் கமிட்டியை வரிசையாக நிற்க வைத்து இரண்டு படம் எடுப்பார், போய்விடுவார். ஒரு ரோலில் 36 படம், அதைப் போய் ஓலைக்குச் செலவழிப்பார்களா?

விளக்கு வேலை உங்கள் தொழில், அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் நான்கு இரவுப் படங்களில் ஆர்ச் விளக்கின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சீரியல் எல்.இ.டி. பெரும்பாலும் அந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். நேரமும் முக்கியம். சூரியன் மறைந்து வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் விளக்கும் தெரியும், விளக்கைத் தாங்குகிற கம்பும் தெரியும். முழு இருட்டில் எடுத்தால் விளக்கு மட்டும் அந்தரத்தில் தொங்கும். கட்டியவனின் வேலை காணாமல் போகும்.

எடுக்கக் கூடாத நேரமும் உண்டு. மண்டைக்காட்டுக் கொடையில் ஒடுக்கு பூஜை நடக்கும்போது அவ்வளவு பெரிய கூட்டமும் வாயைத் திறக்காமல் நிற்கும். அந்த அமைதிக்குள் பிளாஷ் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. சாமியாடுகிறவர்களின் முகத்துக்கு அருகில் லென்ஸை நீட்டுவதும் அப்படியே. நேர்ச்சைக்காகக் குழந்தைகளை ஏந்தி உயரத் தூக்கிச் சுற்றுகிற கொல்லங்கோடு தூக்கத் திருவிழாவில் அந்தக் குழந்தைகளைப் படம் எடுக்கிறவர்கள் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

இனி முக்கியமான விஷயம். உங்கள் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட ஊர் இல்லை, தேதி இல்லை, ஆள் பெயர் இல்லை. கோப்பின் பெயர் எண்ணாக மட்டும் இருக்கிறது. இதுதான் எனக்கு வருத்தம்.

ஏன் என்று சொல்கிறேன். மணக்குடி பக்கம் எனக்கு ஒரு நண்பர் உண்டு. 2004 கிறிஸ்துமஸுக்கு அவர் ஊர்ப் பையன்கள் மணலில் வைக்கோலும் காக்கித் தாளும் வைத்து ஒரு குடில் கட்டினார்கள். நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்த நண்பரின் தம்பி ராத்திரி ஒரு சின்ன பிலிம் கேமராவில் குடிலையும் சுற்றி நின்றவர்களையும் எடுத்துவிட்டு, கேமராவை விடுதிக்குக் கொண்டுபோய்விட்டான். மறுநாள், டிசம்பர் 26 காலையில், கடல் உள்ளே வந்தது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தையே அலை தூக்கிக்கொண்டு போனது. வைக்கோல் குடிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அதை யாரும் தேடவும் இல்லை. மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்து அந்த ரோலைக் கழுவினார்கள். மொத்தம் 9 படம், அதில் 5 மங்கல். அந்தப் பையன் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதினான்: தேதி, இடம், இடமிருந்து வலமாக யார் யார், குடிலுக்கு வைக்கோல் கொடுத்த வீடு எது, ஸ்டாரில் பல்பு மாட்டியது யார். பெயர் தெரியாத இடத்தில் வீட்டு அடையாளத்தை எழுதினான். வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரு பெண் ஒருநாள் அந்தப் படங்களைக் கேட்டு வந்தாள். குடிலின் ஓரத்தில், பாதி இருட்டில், அவளுடைய அம்மா நின்றிருந்தார். வீட்டில் இருந்த ஆல்பம் அலையோடு போய்விட்டது. அந்த இருட்டு உருவம் யார் என்று பின்னால் எழுதியிருக்காவிட்டால் அவளுக்கே உறுதியாகத் தெரிந்திருக்காது. நண்பர் இதைச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் படம் எந்தப் போட்டியிலும் தேறாது. குடில் சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் போதாது. நீங்கள் போட்டியைப் பற்றி எழுதியிருந்ததால் இதைச் சொல்லத் தோன்றியது.

அதனால் தம்பி, வேலைக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டும் எடுத்துப் போங்கள். பந்தல் கட்டுகிறவரின் பெயர், ஊர், எத்தனை வருடமாகக் கட்டுகிறார், யாரிடம் கற்றார். இரண்டு வரி போதும். கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள், தேதியும் நேரமும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், உள்ளே இருக்கிற அந்தத் தேதியும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். நான் நம்பினேன். 2009 முதல் 2012 வரை எடுத்த அத்தனையும் ஒரு கடையில் சரிபார்க்கக் கொடுத்த இடத்தில் அழிந்தது. கடைசிக் காலத்தில் என் அப்பா வயலில் நிற்கிற படங்களும் அதில்தான் இருந்தன. வீட்டில் இரண்டு பிரதி, வேறொரு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என்று வையுங்கள். நம் கடற்காற்றுக்கு லென்ஸில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைப்பது நல்லது.

எடுத்ததை என்ன செய்வது? முதலில் அந்த ஊருக்கே கொடுங்கள். கொடைக்கு முப்பது படம் பிரின்ட் போட்டு, அடுத்த வருடக் கொடையில் பந்தலின் ஒரு பக்கம் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். யார் யார் என்று ஊரே வந்து சொல்லும், உங்கள் நோட்டு நிறையும். பொதுவில் வைக்கலாம் என்று தோன்றுகிற படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். அங்கே ஏற்றினால் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, அதனால் யோசித்து ஏற்றுங்கள். முகம் தெரிகிற குழந்தைகள் படத்தை நான் ஏற்ற மாட்டேன்.

11,000 படத்துக்கும் உட்கார்ந்து எழுத முடியாது என்று மலைக்க வேண்டாம். இந்த வாரம் ஏழாவது படத்தில் தொடங்குங்கள். ஏணியில் நின்றவரைப் போய்ப் பாருங்கள், ஒரு பிரின்ட் கொடுங்கள். அவர் பெயர், அந்த இரண்டு பெண்கள், ஏணியைப் பிடித்திருக்கும் பையன், எந்த ஊர், எந்த வருடம். எழுதி எனக்கும் அனுப்புங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயர்களோடு அந்தப் படத்தை இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி