சரிவில் பிரஷ் கட்டர் வெண்புகை கக்கினால்

ஏற்காட்டுச் சரிவில் உண்ணிப்புதர் (லாண்டானா) வெட்டும்போது, தள்ளி ஓட்டும் பிரஷ் கட்டர் (புதர் வெட்டும் மெஷின்) வெண்புகை விட்டு நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இன்ஜின் பெரும்பாலும் கெட்டிருக்காது, பயப்படாதீர்கள். இந்தச் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்குச் சுமார் 20 டிகிரிச் சாய்வுதான் எல்லை, அதாவது 100 அடிக்கு 36 அடி ஏற்றம். அதைத் தாண்டிச் சாய்ந்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரியும். நிற்பது, ஆயில் குறைந்ததாகத் தெரிந்தால் இன்ஜினை நிறுத்தும் ஆயில் சென்சாரின் வேலையாக இருக்கலாம்.

மேலும் கீழுமாக ஓட்டாமல் குறுக்கே ஓட்டுங்கள். ஏறும்போது கால் வழுக்கினால் மெஷின் உங்கள் மேலேயே வரும். ரொம்பச் செங்குத்தான இடத்துக்கு அரிவாள்தான், வேறு வழியில்லை.

அப்புறம், உண்ணியை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரோடு வெட்டித் தலைகீழாகப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முழுச் சரிவையும் மொட்டையடிக்காதீர்கள், மண் போய்விடும்.