கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்குக் களக்காடு பக்கம் வாழைத் தோட்டம். கிணற்றில் 5 எச்.பி. த்ரீ பேஸ் நீர்மூழ்கி மோட்டார். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டிஜிட்டல் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கினேன். மோட்டார் கேபிளில் மாட்டினால் பூஜ்யம்தான் வருகிறது. மீட்டர் கோளாறா? ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வோல்டேஜையும் நானே பார்க்கலாமா?

பதில்: மீட்டரில் கோளாறு இல்லை. நீங்கள் மூன்று வயரும் உள்ள கேபிளை மொத்தமாகக் கவ்வியிருக்கிறீர்கள். மூன்று பேஸிலும் ஓடும் கரண்டின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் மீட்டருக்கு எதுவும் மிஞ்சாது. ஒரு நேரத்தில் ஒரு வயரைத்தான் கவ்வ வேண்டும். அந்த வயர்கள் தனித்தனியாகக் கிடைப்பது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்தான்.

மெயினை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். இன்சுலேஷன் உள்ள இடமாகப் பார்த்து ஒரு வயரைக் கவ்வி, வாய் முழுசாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் தூசி இருந்தால்கூட அளவு குறைத்துக் காட்டும். அப்புறம் மெயினைப் போட்டு, கையை எடுத்துவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீர் சீராக விழ ஆரம்பித்த பிறகு வரும் அளவே கணக்கு. அடுத்த வயருக்கு மாற்றவும் மெயினை இறக்கியே மாற்றுங்கள்.

5 எச்.பி.க்குச் சுமார் 7, 8 ஆம்பியர் வரும். நீர்மூழ்கி கொஞ்சம் கூடவே இழுக்கும். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் அளவுதான் கடைசி வார்த்தை. மூன்று வயரிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்றில் பூஜ்யம், மற்ற இரண்டிலும் எகிறுகிறது என்றால் ஒரு பேஸ் போய்விட்டது, உடனே நிறுத்துங்கள். மூன்றிலும் கூடுதலா? வோல்டேஜ் குறைவாகவோ பம்பு இறுகியோ இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் வகை) பார்த்தால், டெல்டாவில் ஓடும்போது மோட்டாருக்குப் போகும் ஆறு வயரிலும் லைன் கரண்டில், அதாவது உள்ளே வரும் கரண்டில், 58 சதவீதம்தான் காட்டும். அங்கே உள்ளே வரும் வயரில் பாருங்கள்.

வோல்டேஜ் வேறு சங்கதி. கிளாம்ப் செம்பைத் தொடுவதில்லை, வோல்டேஜ் பார்க்கும் புரோப் (மீட்டர் வயரின் முனைக் கம்பி) தொடும். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400 வோல்ட்டுக்கு மேல். ஐப்பசி மழையில் ஈரம் ஊறிய மோட்டார் ரூமில், செருப்பில்லாமல் நின்றுகொண்டு இந்த வேலை வேண்டவே வேண்டாம். காய்ந்த பலகை மேல் நின்று பார்ப்பதானாலும் மீட்டரிலும் புரோப்பிலும் ‘கேட் 3, 600 வோல்ட்’ (CAT III 600V) என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்க வேண்டும். நாபை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். ரெசிஸ்டன்ஸ் அளக்கும் ஓம்ஸில் இருக்கும்போது லைனில் வைத்தால் மீட்டர் பொசுங்கலாம், மட்டமான மீட்டர் கையிலேயே வெடிக்கும். கரண்ட் இல்லை என்று காட்டினால் அதை நம்பித் தொட்டுவிடாதீர்கள். கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் மீட்டரை முன்னும் பின்னும் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இந்தப் பழக்கம் வரும்வரை வோல்டேஜை வயர்மேனிடம் விட்டுவிடுங்கள் என்பேன். மின்வாரியத்தின் மீட்டருக்கு முந்தைய பக்கம் எப்போதுமே நம் வேலை அல்ல.

ஆம்பியர் சரியாக இருந்தும் ட்ரிப் ஆனால், ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) மோட்டார் தகட்டு அளவுக்கு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிப் ஆகிறதே என்று அதைக் கூட்டி வைத்து ஓட்டினால் காயில் கட்டும் கடைக்காரருக்குத்தான் கொண்டாட்டம்.